சிக்னல் 78, குவாலிட்டி 0: பழைய டிஷ்ஷில் டிடி ஃப்ரீ டிஷ் எடுக்க உதவி தேவை

பாலக்கோடு_புதுசு
வணக்கம். ஊர் பாலக்கோடு பக்கம். ரீசார்ஜ் பண்ணாம மொட்டை மாடியில் சும்மா கிடக்கிற 60 செ.மீ. டிஷ் ஒண்ணு இருக்கு. அதை வெச்சே மாசக் கட்டணம் இல்லாத ஃப்ரீ டிஷ் எடுக்கலாம்னு எம்பெக் 4 பாக்ஸ் வாங்கியாச்சு. எல்.என்.பி. (டிஷ் கை நுனியில் சிக்னலைப் பிடிக்கிற கருவி), கேபிள் எல்லாம் பழசுதான்.

மெனுவில் சிக்னல் 78 காட்டுது, குவாலிட்டி 0. டிஷ்ஷை இடமும் வலமுமா திருப்பினா ஒரு இடத்தில் மட்டும் குவாலிட்டி துடிக்குது. அங்கே ப்ளைண்ட் ஸ்கேன் (பாக்ஸே எல்லாச் சேனலையும் தேடுறது) போட்டா சேனல் பேரா கொட்டுது, ஆனா எல்லாத்துலயும் டாலர் குறி, படம் இல்லை. யூடியூப்ல ஒரு இந்தி வீடியோவைப் பார்த்து அப்படியே செஞ்சிருக்கேன். எங்கே தப்பு? டிஷ் சின்னதா? பெருசு வாங்கணுமா?

மொட்டைமாடி
பெருசு வேண்டாம். நம்ம ஊருக்கு 60 செ.மீ. போதும்.

சிக்னல் 78-ஐ மறந்துடுங்க. எல்.என்.பி.க்குக் கரண்ட் போகுது, கேபிளில் ஏதோ இரைச்சல் வருதுன்னு மட்டும்தான் அதுக்கு அர்த்தம். வெறும் வானத்தைக் காட்டினாலும் 70, 80 காட்டும். குவாலிட்டிதான் கணக்கு.

முதல்ல மெனுவை முடிச்சுட்டு அப்புறம் மாடி ஏறுங்க. சாட்டிலைட் பட்டியலில் ஜிசாட் 15 இல்லாட்டி இன்சாட் 4பி இருக்கும், அதையே எடுக்கலாம். ரெண்டுக்கும் ஒரே இடம், கிழக்கு 93.5 டிகிரி. ஜிசாட் 15 மேலே போனது 2015 நவம்பரில். பல பாக்ஸ்ல பேரை மட்டும் இன்னும் மாத்தலை. எல்.என்.பி. வகை யுனிவர்சல் 9750/10600, எல்.என்.பி. பவர் ஆன், டைசெக் ஆஃப், 22 கிலோஹெர்ட்ஸ் ஆட்டோ. ட்ரான்ஸ்பாண்டர் (சாட்டிலைட் அலைவரிசை) 11090, போலரைசேஷன் வி (செங்குத்து; எச்-ன்னா கிடை), சிம்பல் ரேட் 29500. இது கிடைச்சா 11170 வி 29500-ம் கூடவே வரும்.

இதுல 9750 தப்பினா டிஷ் எவ்வளவு நேரா நின்னாலும் வராது. எல்.என்.பி. அந்த எண்ணைக் கழிச்சுத்தான் கேபிளில் அனுப்பும். 11090-ல் 9750 போனா 1340 மெகாஹெர்ட்ஸ். பாக்ஸ் கேட்கிறது 950-க்கு மேலேதான். தப்பா 10600 மட்டும்னு வெச்சா 490 வருது, பாக்ஸ் எட்டியே பார்க்காது.

இப்போ அந்த இந்தி வீடியோ. அதுல சொன்னது தப்பில்லை, டெல்லிக்குச் சரி. டெல்லியில் இந்த சாட்டிலைட் தரையிலிருந்து 52 டிகிரி உயரத்தில் தெரியும். தருமபுரியில் 67 டிகிரி, ஏறக்குறைய தலைக்கு மேலே. எல்.என்.பி.யைத் திருக வேண்டிய அளவும் அங்கே 27 டிகிரி, இங்கே 50. ரெண்டுமே தப்பா இருக்கும்போது டிஷ்ஷை இடம் வலமா எத்தனை சுத்து சுத்தினாலும் நிக்காது.

பாலக்கோடு_புதுசு
67-ஐ எப்படி அளக்கிறதுங்க? பிராக்கெட்ல இருந்த அளவுக்கோடு துருவில் போயிடுச்சு. டிஷ்ஷைப் பார்த்தா அவ்வளவு மேலே பார்க்கிற மாதிரியே தெரியலையே.

மொட்டைமாடி
தெரியாது, ஏன்னா அது ஆஃப்செட் டிஷ். முகம் எங்கே பார்க்குதோ, அதைவிடச் சுமார் 25 டிகிரி மேலே இருந்து சிக்னலை வாங்கும். 67-ல் 25 போனா 42. டிஷ்ஷின் முகம் நேர்குத்தா நிக்கிற நிலையிலிருந்து 42 டிகிரி பின்னால் சாஞ்சா போதும்.

அளக்க ஒரு நேரான ரீப்பர் கட்டை போதும். மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் தொடும்படி டிஷ் முகத்தில் வெச்சு, கட்டை மேல போனை வெச்சு, லெவல் ஆப்ல பாருங்க. தரையிலிருந்து 48 டிகிரி காட்டணும். டிஷ்ஷுக்கு டிஷ் ஆஃப்செட் கொஞ்சம் மாறும், அதனால 46-லிருந்து 50 வரைக்கும் தேடிப் பாருங்க. அதுக்கு முன்னாடி கம்பம் நேர்குத்தா நிக்குதான்னு தூக்குக் குண்டு விட்டுப் பாருங்க. கம்பம் சாஞ்சிருந்தா இந்தக் கணக்கெல்லாம் வீண்.

திசை தென்கிழக்கு. காம்பஸ்ல வடக்கிலிருந்து 127 அல்லது 128 டிகிரி. கிருஷ்ணகிரிக்கும் கிட்டத்தட்ட இதேதான். போனை டிஷ் பக்கத்துல வெச்சு திசை பார்க்காதீங்க, இரும்பு முள்ளை இழுத்துடும். நாலு அடி தள்ளி நின்னு பார்த்து, தரையில சாக்பீஸ்ல கோடு போட்டுக்குங்க.

டாலர் குறின்னா பூட்டின கட்டணச் சேனல். அது எதுக்கு வருதுன்னா, பக்கத்துலேயே ரெண்டு சாட்டிலைட் இருக்கு. 91.5-ல் மீசாட், 95-ல் எஸ்.இ.எஸ். ரெண்டிலும் கட்டண டி.டி.எச். ஓடுது. நம்ம ஊர்ல இருந்து பார்த்தா:

மீசாட் (91.5): திசை 131½, உயரம் 69
ஜிசாட் 15 (93.5): திசை 127½, உயரம் 67
எஸ்.இ.எஸ். (95): திசை 125, உயரம் 66

பழைய டிஷ் இதுல ஏதோ ஒண்ணைப் பார்த்து வெச்சதா இருக்கும். உயரம் அதுக்கே நிக்குது, நீங்க திசையை மட்டும் மாத்துறீங்க. அதனால 93.5-ஐத் தொட்டும் தொடாமலும் தாண்டிப் போகுது. இவ்வளவு உயரத்துல நிக்கிற சாட்டிலைட்டுக்கு இன்னொண்ணும் இருக்கு. டிஷ்ஷைப் பக்கவாட்டில் 1 டிகிரி திருப்பினா வானத்தில் 0.4 டிகிரிதான் நகரும். மேலே கீழே 1 டிகிரி ஆட்டினா முழு 1 டிகிரியும் நகரும். ஆக இங்கே திசையைவிட உயரத்துக்குத்தான் நிதானம் வேணும்.

ரெண்டு பக்க உயரப் போல்ட்டையும் டிஷ் கையால் தள்ளினா மட்டும் நகர்ற அளவுக்குத் தளர்த்துங்க. 48-ல் வெச்சுத் திசையை மெதுவா ஒரு பக்கமா கொண்டு போங்க. ஒவ்வொரு அசைவுக்கும் நாலு வினாடி நிறுத்துங்க, பாக்ஸ் உடனே பிடிக்காது. அந்தச் சுத்துல வரலைன்னா உயரத்தை அரை டிகிரி மாத்தி மறுபடி. பெரும்பாலான பேர் தோத்துப் போறது இந்த நாலு வினாடியில்தான்.

ஆர்ஜி_ஆறு
எல்.என்.பி. திருகலை விட்டுடாதீங்க. வர்ற குவாலிட்டியில் பாதி அங்கேதான் போகும்.

டிஷ்ஷுக்குப் பின்னால் நின்னு சாட்டிலைட் பக்கம் பாருங்க. எல்.என்.பி.யில் கேபிள் மாட்டுற மூக்கு நேர் கீழே இருந்தா அது 6 மணி. அதை 4-க்கும் 5-க்கும் நடுவே கொண்டு வாங்க, அதாவது கடிகாரத்துக்கு எதிர்ச்சுத்து. முன்னால் நின்னு பார்த்தா இது தலைகீழா, 7-க்கும் 8-க்கும் நடுவே தெரியும். பல பேர் குழம்புறது இங்கேதான். கழுத்துல கோடு போட்டு டிகிரி அச்சடிச்ச எல்.என்.பி.ன்னா வேலை சுலபம். குவாலிட்டி கொஞ்சம் வந்ததும் கிளாம்பைத் தளர்த்தி 5 டிகிரி அப்படி இப்படித் திருகி, எங்கே அதிகமோ அங்கே இறுக்குங்க.

பழைய கேபிள்னு சொல்றீங்க. ரெண்டு முனையிலும் எஃப் கனெக்டரைக் கழட்டிப் பாருங்க. நடுக்கம்பி கறுத்திருந்தா ஒரு அடி வெட்டிப் போட்டுட்டுப் புதுசா சீவுங்க. அதுக்கு அப்புறமும் உள்ளே பின்னல் கறுப்பாவே இருந்தா தண்ணி இறங்கியிருக்கு, கேபிளையே மாத்தணும்.

சீவுறப்போ நடுக்கம்பி கனெக்டர் வாயைவிட்டு 2, 3 மி.மீ. மட்டும் நீட்டிட்டு இருக்கணும். வெளிப்பின்னலில் ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட். மல்டிமீட்டர் இருந்தா எல்.என்.பி. பக்கத்து முனையைக் கழட்டி, நடுக்கம்பிக்கும் உறைக்கும் நடுவே வோல்ட் பாருங்க. வி போட்டா சுமார் 13, எச் போட்டா சுமார் 18 வரணும். மெனுவில் மாத்தி ரெண்டும் மாறுதான்னு பாருங்க. கனெக்டரைத் திருகும்போது மட்டும் பாக்ஸ் பிளக்கைப் பிடுங்கிடுங்க.

பாலக்கோடு_புதுசு
உயரப் போல்ட் துரு ஏறி அசையவே இல்லை, தேங்காய் எண்ணெய் விட்டு ராத்திரி விட்டுத்தான் திறந்துச்சு. முகம் 52-ல் நின்னுட்டு இருந்தது. 48½-ல் குவாலிட்டி 35. எல்.என்.பி.யை நீங்க சொன்ன மாதிரி திருகினதும் 68. டிடி நேஷனல், டிடி தமிழ் ரெண்டும் வந்துடுச்சு. ரொம்ப நன்றிங்க.

ரெண்டு சந்தேகம். தமிழ் சேனல் இவ்வளவுதானா? அப்புறம், தென்கிழக்கில் ஒரு தென்னை இருக்கு, இப்போ படம் நல்லாத்தான் இருக்கு. மட்டை வளர்ந்தா மறைக்குமா?

மொட்டைமாடி
52-ன்னா எஸ்.இ.எஸ். பக்கமா தாழ்ந்து பார்த்துட்டு இருந்திருக்கு.

தமிழ் இங்கே குறைச்சல்தான், அதைச் சொல்லிடணும். 2024 ஜனவரியில் பொதிகை என்ற பேர் டிடி தமிழ்னு மாறுச்சு, அது நிச்சயம் இருக்கும். மத்த இடத்தில் பெரும்பாலும் இந்தி. பி.எம். இ-வித்யா கல்விச் சேனல்களும், ஆகாசவாணி வானொலிகளும் கிடைக்கும். சீரியலுக்காகன்னா இது பத்தாது. செய்தி, பாட்டு, பிள்ளைங்க பாடம், மின்சாரச் செலவு மட்டும்னா இதுக்கு ஈடு இல்லை. தனியார் சேனல் இடங்களைப் பிரசார் பாரதி ஏலம் விடுது, ஏப்ரல் வாக்கில் பட்டியல் மாறும். ஏதாவது சேனல் திடீர்னு காணோம்னா டிஷ்ஷைத் தொடாதீங்க, முதல்ல ரீஸ்கேன்.

தென்னைக்கு ஒரு கணக்கு. 67 டிகிரிக்கு, டிஷ் உயரத்தைவிட மரம் 10 அடி கூடுதல்னா, கிடையா 5 அடி தள்ளி இருந்தா போதும். 20 அடி கூடுதல்னா 9 அடி. மட்டையின் நுனியிலிருந்து அளங்க, அடிமரத்திலிருந்து இல்லை.

கணக்கு வேண்டாம்னா இன்னொரு வழி இருக்கு. மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாள், காலை 11 மணி வாக்கில் சூரியன் சரியா இந்த சாட்டிலைட்டுக்குப் பின்னால் வரும். அந்த நேரம் டிஷ் முகத்துல மர நிழல் விழலைன்னா பாதை சுத்தம். அப்போ சில நிமிஷம் படம் தெறிச்சுப் போகும். அது பழுது இல்லை, சூரியனோட இரைச்சல். அன்னைக்குப் பார்த்து டிஷ்ஷைத் திருப்பித் தொலைச்சிடாதீங்க.

ஓசூர்_வாசல்
இடையில் கேட்கிறேன், மன்னிக்கணும். வீட்டில் அரசு கேபிள் பாக்ஸ் சும்மா கிடக்கு. அதை டிஷ்ஷில் மாட்டலாமா?

ஆர்ஜி_ஆறு
முடியாதுங்க. அது கேபிளுக்கான பாக்ஸ், டி.வி.பி-சி. டிஷ்ஷுக்கு டி.வி.பி-எஸ்2 வேணும். எல்.என்.பி.க்கு வோல்ட் கொடுக்கவும் அதுல வழி இல்லை. டிவிக்குப் பின்னாலயே சாட்டிலைட் சாக்கெட் தனியா, திருகு மரை வெச்சு இருந்தா, பாக்ஸ் இல்லாமலே நேரா கேபிளை மாட்டிப் பார்க்கலாம். வெறும் ஆன்டெனா சாக்கெட் வேற.

ஊத்தங்கரை_மேற்கு
கூடவே ஒண்ணு. ஒரே டிஷ், ரெண்டு அறையில் ரெண்டு பாக்ஸ். கேபிள் டிவிக்குப் போட்ட இரட்டை ஸ்ப்ளிட்டரை மாட்டினேன். ரெண்டிலும் குவாலிட்டி 0.

ஆர்ஜி_ஆறு
ஸ்ப்ளிட்டர் மேல அச்சடிச்ச எண்ணைப் பாருங்க. கேபிள் டிவி ஸ்ப்ளிட்டர் 1000 மெகாஹெர்ட்ஸோட நின்னுடும். உங்களுக்கு வர்றது 1340. 2300 அல்லது 2400 வரைக்கும்னு போட்ட சாட்டிலைட் ஸ்ப்ளிட்டர், பவர் பாஸ் (எல்.என்.பி.க்குக் கரண்டை விடுறது) உள்ளதா வாங்குங்க. ஃப்ரீ டிஷ்ஷுக்கு ரெண்டு பாக்ஸும் ஒரே வி-யைத்தான் கேட்கும், அதனால இது சண்டை இல்லாம ஓடும். ஒரு பாக்ஸில் எச்-ல் இருக்கிற சாட்டிலைட் சேனல் வைக்கிற எண்ணம் இருந்தா மட்டும் இரட்டை வாய் எல்.என்.பி. போட்டு ரெண்டு கேபிள் இழுங்க. பிரிச்சா ஒவ்வொரு பக்கமும் 4 டெசிபெல் வரை குறையும், குவாலிட்டி 60-க்கு மேல வெச்சுட்டுப் பிரிங்க. இல்லாட்டி முதல் மழைக்கே ரெண்டு அறையிலும் கட்டம் கட்டமா உடையும்.

ஊத்தங்கரை_மேற்கு
பார்த்தேன். 5–1000-ன்னுதான் அச்சடிச்சிருக்கு. 2400 போட்டது கிடைச்சது, மாத்தினேன். கூடத்தில் 61, உள் அறையில் 59.

ஆர்ஜி_ஆறு
உள் அறைக் கனெக்டரை ஒரு தடவை கழட்டிச் சீவி மாட்டிப் பாருங்க. அந்த 2 அங்கேதான் இருக்கும்.