மஞ்சள் பேடு கட்டிங் பேடா, ஃபினிஷிங் பேடா?

கோவைப் பட்டறை:
“கருப்புக் காரில் விழுந்திருக்கும் ஸ்விர்ல் மார்க்கை (சிலந்தி வலை போன்ற மெல்லிய கீறல்களை) எடுக்க மஞ்சள் பேடும் ஃபினிஷிங் பாலிஷும் போதும், மஞ்சள் பேடு மென்மையானது, பெயிண்ட்டை ஒன்றும் செய்யாது” என்று நண்பர் மெருகன் நேற்று இங்கே எழுதியிருந்தார். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. பதினெட்டு ஆண்டுகளாக பஃபிங் மெஷினைப் பிடித்துப் பழகிய கை என்னுடையது. மஞ்சள் பேடு கட்டிங் பேடு. மெஷினில் மாட்டும் பஞ்சு வட்டுகளில் கட்டிங் பேடு பெயிண்ட்டைத் தேய்த்துக் கீறலை எடுப்பது, ஃபினிஷிங் பேடு கடைசியில் பளபளப்பு ஏற்றுவது. மஞ்சள் பேடை மென்மையானது என்று நம்பி யாரோ ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி மெஷினில் மாட்டி ஓட்டிய கருப்புச் செடான் ஒன்று போன சனிக்கிழமை என் பட்டறைக்கு வந்தது. பானட்டின் முன்விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்குக் கருப்பு தேய்ந்துபோய், சாம்பல் நிற அடிப்பூச்சான பிரைமர் நூல் பிடித்தாற்போல் தெரிந்தது. இனி அந்தப் பானட்டை முழுவதுமாகப் பெயிண்ட் அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. இப்படி எழுதிவிட்டுப் போகிறவர்கள் அந்தச் செலவை ஏற்பார்களா?

மெருகன்:
என் பெயரைச் சொல்லித் தொடங்கியிருக்கிறீர்கள், எனவே நானே பதில் சொல்கிறேன். மஞ்சள் பேடு ஃபினிஷிங் பேடு. நான் வாங்கிய பேடின் உறையிலேயே ‘ஃபைன்’ என்று அச்சிட்டிருக்கிறது. அதைத் தயாரித்தவனை விடத் தங்களுக்கு அதிகம் தெரியும் என்றால் நான் கைகூப்பி ஒதுங்கிக்கொள்கிறேன். என் காரில் சுழலும்போதே 15 மில்லிமீட்டர் வட்டத்தில் ஆடும் டிஏ மெஷினில், பயறு அளவு நான்கு சொட்டு பாலிஷ் வைத்து, குறுக்கும் நெடுக்குமாக ஆறு முறை ஓட்டினேன். டார்ச் அடித்துப் பார்த்தபோது ஒரு கீறல் கூட மிஞ்சவில்லை. விளிம்பில் ரோட்டரியை நகர்த்தாமல் பிடித்தால் எந்தப் பேடும் பெயிண்ட்டைத் தின்றுவிடும். பிழை மெஷினிலும் கையிலும் இருக்கிறது. பேடின் மீது பழியைப் போடாதீர்கள்.

அண்ணாநகர்வாசி:
ஐயா, நான் புதியவன். என் கருப்புக் காருக்கு நான்கு வயது. எங்கள் குடியிருப்பில் காலையில் கார் துடைக்க வருகிறவர் ஒரே வாளித் தண்ணீரிலும் ஒரே துணியிலும் பன்னிரண்டு கார்களைத் துடைத்து முடிக்கிறார். பேஸ்மென்ட் டியூப்லைட்டில் கதவைப் பார்த்தால் சிலந்தி வலை கட்டியது போல் இருக்கிறது. விரல் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தேன், எங்கும் மாட்டவில்லை. நான் எந்த பாலிஷில், எந்தப் பேடில் தொடங்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கோவைப் பட்டறை:
தம்பி, நகம் மாட்டவில்லை என்றால் கீறல் நிறத்துக்கு மேலே உள்ள நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டுக்குள்தான் இருக்கிறது, பயப்பட வேண்டாம். நீங்கள் பார்க்கும் வட்டங்கள் உண்மையில் வட்டங்களே அல்ல. துணி இழுத்த திசையெல்லாம் போன நேர்க்கீறல்களில், விளக்கைச் சுற்றிக் குறுக்காக அமைந்தவை மட்டும் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்புகின்றன. அதனால்தான் விளக்கு நகர்ந்தால் வலையும் கூடவே நகர்கிறது. அந்தத் துணியை முதலில் நிறுத்துங்கள். அதை நிறுத்தாமல் எந்த பாலிஷ் போட்டாலும் மூன்று மாதத்தில் வலை திரும்பி வந்துவிடும்.

இப்போது மெருகனுக்கு வருகிறேன். கம்பெனி பெயிண்ட் முழுவதையும் சேர்த்தால் 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். நாம் எழுதும் வெள்ளைத்தாளின் தடிமன் ஏறக்குறைய 100 மைக்ரான். அதில் கிளியர் கோட் என்பது 40, 50 மைக்ரான்தான். ஒவ்வொரு முறை கட்டிங் செய்யும்போதும் அதில் இரண்டு மூன்று மைக்ரான் போய்விடுகிறது, போனது திரும்பி வருவதில்லை. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருள் அந்த அடுக்கில்தான் இருக்கிறது. நம் ஊர் வெயிலுக்கு அதை மெலிதாக்கிவிட்டு நிறுத்தினால் சில ஆண்டுகளில் கூரையில் வெள்ளை பூத்து உரியத் தொடங்கும். இவ்வளவு இருக்கும்போது கட்டிங் பேடை ஃபினிஷிங் பேடு என்று சொல்லிக்கொடுப்பது பெரிய தவறு. மஞ்சள் பேடு கட்டிங் பேடு.

மைக்ரான்:
நீங்கள் இருவரும் ஒரே பேடைப் பற்றித்தான் பேசுகிறீர்களா? பேடின் நிறத்துக்கு உலகப் பொது விதி எதுவும் கிடையாது. இத்தாலியின் ரூபெஸ் நிறுவனத்தில் நீலம் கரடு, பச்சை நடுத்தரம், மஞ்சள் மென்மை, வெள்ளை அதைவிட மென்மை. அமெரிக்காவின் லேக் கன்ட்ரி நிறுவனத்தில் மஞ்சள்தான் கட்டிங், ஆரஞ்சு அதற்குக் குறைவு, வெள்ளை பாலிஷிங், கருப்பு ஃபினிஷிங். மெக்வயர்ஸ் நிறுவனத்தின் பழைய வரிசையிலோ மஞ்சள் நடுவில் நிற்கிறது. எந்த நிறுவனத்தின் பேடு என்று இருவரும் சொல்லிவிட்டால் இந்த வழக்கே முடிந்துவிடும்.

கோவைப் பட்டறை:
நான் நிறுவனத்தைப் பற்றிப் பேசவில்லை, பேடைப் பற்றிப் பேசுகிறேன். மஞ்சள் பேடை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். என் கையில் இருப்பது அழுத்தினால் அமுங்காமல் எதிர்த்து நிற்கிறது. விரலை எடுத்ததும் பட்டென்று எழுகிறது. அதன் பெயர் கட்டிங் ஃபோம்.

மெருகன்:
நானும் அதே மஞ்சள் பேடைத்தான் கட்டைவிரலால் அழுத்துகிறேன். பஞ்சு போல் அமுங்குகிறது. தங்கள் கட்டைவிரலுக்கும் என் கட்டைவிரலுக்கும் உள்ள வேறுபாட்டை அந்தப் பதினெட்டு ஆண்டு அனுபவத்திலிருந்து தாங்களே விளக்க வேண்டும்.

பழைய அம்பாசடர்:
ஃபோம் பேடே எனக்குத் தேவைப்பட்டதில்லை. கம்பளிப் பேடும் ரப்பிங் காம்பவுண்டும் வைத்துக்கொண்டு என் அம்பாசடரை முகம் பார்க்கும் கண்ணாடி போல வைத்திருந்தேன். பேடில் கொஞ்சம் வண்டியின் நிறம் ஏறும், அதனால் வண்டி ஒன்றும் தேய்ந்துவிடவில்லை. இன்றைக்கு ஒரு காருக்கு ஏழு நிறத்தில் பேடு விற்கிறார்கள் என்பதுதான் இந்த விவாதத்திற்கே காரணம்.

கோவைப் பட்டறை:
ஐயா, தங்கள் வயதுக்கு மரியாதை உண்டு. ஆனால் அது மேலே கிளியர் கோட் இல்லாத ஒற்றைப் பூச்சு, அதனால்தான் பேடில் நிறம் ஏறியது. இன்றைய காரில் பேடில் நிறம் ஏறினால் கிளியர் கோட்டைத் தாண்டிவிட்டோம் என்று பொருள். அந்த நிமிடமே மெஷினை அணைக்க வேண்டும். கம்பளிப் பேடு வேகமாகக் கட்டிங் செய்யும், சூடும் குறைவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கருப்புக் காரில் அதன் தடம் மெல்லிய பனிப்படலம் போல் நிற்கும், பின்னால் ஃபோம் பேடு ஓட்டியே ஆக வேண்டும்.

பழைய அம்பாசடர்:
என் வண்டியைப் பார்க்காமலேயே அதன் பூச்சைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

மெருகன்:
கோவைப் பட்டறை அவர்கள் பாடம் எடுப்பது இது முதல் முறையல்ல. “செராமிக் கோட்டிங் போட்டால் லேசான ஸ்விர்ல் தானாக மறைந்துவிடும்” என்று சென்ற ஆண்டு இங்கே எழுதியவர் இவர்தான். அதை நம்பி என் மைத்துனர் கோட்டிங் போட்டார். கோட்டிங் கண்ணாடி போன்றது; கீழே உள்ள கீறலை மறைக்காது, பூட்டி வைக்கும். அந்தக் கோட்டிங்கையே தேய்த்து எடுத்துவிட்டுத்தான் கீறலைத் தொட வேண்டியிருந்தது. அவர்தான் இன்று பெயிண்ட்டின் மைக்ரானைப் பற்றிக் கவலைப்படுகிறார்.

கோவைப் பட்டறை:
நான் எழுதியது “பாலிஷ் செய்த பிறகு கோட்டிங் போட்டால்” என்பது. பாதி வாக்கியத்தை வெட்டி எடுத்து என் மீது வீசுவது தங்களுக்கு வழக்கமாகிவிட்டது. தங்கள் காரில் ஒரு கீறலும் மிஞ்சவில்லை என்கிறீர்களே, ஐபிஏ என்னும் ஆல்கஹால் கலந்த தண்ணீரால் துடைத்த பிறகு பார்த்தீர்களா? பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலுக்குள் நிறைந்திருக்கும்வரை எல்லாக் காரும் புதுக் கார்தான். இரண்டு முறை கழுவி வெயிலில் நிறுத்துங்கள், மறைந்தது எல்லாம் வெளியே வரும். ஃபினிஷிங் பாலிஷால் நான்கு ஆண்டுக் கீறல் போகாது. குறைந்தது மென்செர்னா நிறுவனத்தின் 2500 போன்ற நடுத்தர பாலிஷாவது வேண்டும், பிடிவாதமான இடத்துக்கு அதே நிறுவனத்தின் கரடான 400 வேண்டும். மென்செர்னா பாலிஷின் துகள்கள் தேய்க்கத் தேய்க்க உடைந்து நுண்மையாகிறவை. பாதியில் நிறுத்தினால் மங்கல் மிஞ்சும். மெக்வயர்ஸ் 105, 205 பாலிஷ்களின் துகள்கள் அப்படி உடைவதில்லை, அங்கே கையழுத்தம்தான் எல்லாம். வெயிலில் சுட்ட பேனலில் இரண்டுமே நிமிடத்தில் காய்ந்து தூளாகிவிடும். இதையெல்லாம் மஞ்சள் கட்டிங் பேடில்தான் நான் செய்கிறேன்.

மெருகன்:
ஐபிஏ போட்டுத் துடைத்துத்தான் பார்த்தேன். மஞ்சள் ஃபினிஷிங் பேடில்தான் செய்தேன்.

மைக்ரான்:
அண்ணாநகர்வாசி, இவர்கள் முடிக்க மாட்டார்கள். காரைக் கழுவி, காருக்கென்றே விற்கும் களிமண் கட்டியால் (கிளே பார்) அழுக்கை எடுத்துவிட்டு, பானட்டின் நடுவில் இரண்டடிக்கு இரண்டடி டேப் ஒட்டுங்கள். ஃபினிஷிங் பாலிஷும் மென்மையான பேடும் வைத்துத் தொடங்குங்கள். போகவில்லை என்றால் முதலில் பேடை மாற்றுங்கள், பிறகு பாலிஷை மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் ஐபிஏ துடைப்பு அவசியம். அந்தச் சதுரத்தில் எது பலித்ததோ அதுவே கார் முழுவதற்கும். ஒரே நிறக் கார் இரண்டு நிறுவனத்தில் வந்தால் ஒன்றின் கிளியர் கோட் கல் போலவும் மற்றொன்றின் கிளியர் கோட் வெண்ணெய் போலவும் இருக்கும். அடுத்தவர் காரின் கணக்கு உங்கள் காருக்குப் பொருந்தாது.

கோவைப் பட்டறை:
இதைத்தான் முதலிலிருந்தே நானும் சொல்கிறேன். ஆனால் அந்த மென்மையான பேடு மஞ்சளாக இருக்கக் கூடாது.

அண்ணாநகர்வாசி:
நேற்று மாலை நிழலில் நிறுத்தி, டேப் ஒட்டிச் செய்து பார்த்தேன். மென்மையான பேடும் ஃபினிஷிங் பாலிஷும் கீறலைத் தொடவே இல்லை. பிறகு பக்கத்துக் கடையில் பேடு கேட்டேன், அவரிடம் மஞ்சள் மட்டும்தான் இருந்தது. உறையும் இல்லை, பின்பக்கத்தில் பெயரும் இல்லை. நடுத்தர பாலிஷுடன் அதை ஓட்டினேன். ஐபிஏ போட்டுத் துடைத்து டார்ச் அடித்தால் வலை பெரும்பாலும் போய்விட்டது. ஏழெட்டு ஆழமான கோடுகள் அப்படியே நிற்கின்றன. சதுரத்துக்குள் மிக மெல்லிய மங்கல் ஒன்றும் தெரிகிறது.

கோவைப் பட்டறை:
மங்கல் விழுந்தது என்றால் பேடு கட்டிங் செய்திருக்கிறது. ஃபினிஷிங் பேடு மங்கலை எடுக்கும், போடாது. வேறு சாட்சி வேண்டுமா?

மெருகன்:
ஆழமான கோடுகள் அப்படியே நிற்கின்றன என்று அவர் எழுதியிருப்பதைப் படித்தீர்களா? கட்டிங் பேடாக இருந்தால் அவை போயிருக்க வேண்டும். மஞ்சள் பேடு ஃபினிஷிங் பேடு என்பதை அவர் காரே சொல்லிவிட்டது.

அண்ணாநகர்வாசி:
ஐயா, அந்த மங்கலை எடுக்க அடுத்து எந்தப் பேடு வாங்க வேண்டும்?

கோவைப் பட்டறை:
தம்பி, அது இருக்கட்டும். அந்த மஞ்சள் பேடைக் கட்டைவிரலால் அழுத்திப் படம் எடுத்து இங்கே போடுங்கள்.