உதவி: கடலூரிலிருந்து தீவுக்குக் கார் அனுப்ப எவ்வளவு ஆகும்? அவசரம்

மஞ்சக்குப்பம்31 – செவ்வாய், இரவு 10.40
வணக்கம். நவம்பர் 20-க்குள் தீவுக்குக் குடிபோகிறோம். காரையும் அனுப்ப வேண்டும். ஒருவர் 42,000 சொல்கிறார், இன்னொருவர் 68,000 சொல்கிறார். ஒரே காருக்கு இவ்வளவு வித்தியாசம் ஏன்? நாளைக்குள் முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

முத்தியால்பேட்டை – 10.52
எந்தத் தீவு சார்? பிரெஞ்சுத் தீவான ரீயூனியன் என்றால் காரை இங்கேயே விற்றுவிடுங்கள். எங்கள் சித்தப்பா குடும்பம் பிரெஞ்சுக் குடியுரிமையில் அங்கே போனது. அங்கே சாலையில் வலப்பக்கம் ஓட்ட வேண்டும், நம் காரில் ஸ்டியரிங்கும் வலப்பக்கம். முந்துவதற்குள் உயிர் போய்விடும்.

நாகைக்கரை – 11.05
இலங்கையா? நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலில் ஆட்கள் மட்டும்தான் போகலாம். கார் ஏற்ற மாட்டார்கள்.

தேவனாம்பட்டினம் – 11.20
எந்தத் தீவு, என்ன கார், எந்த ஆர்டிஓ பதிவு, கடன் பாக்கி உண்டா, சொந்தமாகப் போகிறீர்களா மாற்றலில் போகிறீர்களா? இதில் ஒன்றைக்கூடச் சொல்லாமல் "உடனே சொல்லுங்கள்" என்றால் யாரால் சொல்ல முடியும்? இந்தக் குழுவில் பல வருடமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேள்வி கேட்கவும் ஒரு முறை இருக்கிறது.

மஞ்சக்குப்பம்31 – 11.31
மன்னிக்கவும். அந்தமான், போர்ட்பிளேர். இங்கிருந்து தீவு என்றால் அதுதானே என்று எழுதிவிட்டேன். வண்டி வேகன்ஆர், 2019. நான் சார் இல்லை, அக்கா என்றே கூப்பிடுங்கள்.

ஹேடோ பக்கம் – புதன், காலை 6.15
அக்கா, நான் இங்கே போர்ட்பிளேரில்தான் இருக்கிறேன். இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், ஆனால் கப்பல் ஆட்கள் எல்லோரும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள். என் காரும் சென்னையிலிருந்து கண்டெய்னரில் வந்ததுதான்.

முதலில் அந்த இருவரும் கொடுத்த விலைத் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 42,000 தாளில் எங்காவது "போர்ட் டு போர்ட்" என்று சின்னதாக இருக்கும். இருந்தால் அது கடல் கூலி மட்டும். கடலூரிலிருந்து சென்னைக்கு வண்டியைக் கொண்டுபோவது, கண்டெய்னருக்குள் ஏற்றிப் பெல்ட் போட்டுக் கட்டுவது, துறைமுகக் கையாளும் கட்டணம், இங்கே இறக்குவது, ஜிஎஸ்டி எல்லாம் பிறகு ஒவ்வொன்றாக வரும். 68,000 தாளில் அவற்றைச் சேர்த்திருக்கலாம். எது மலிவு என்று எல்லா வரியையும் நிரப்பிய பிறகுதான் தெரியும். அதுவரை முன்பணம் கட்டாதீர்கள்.

இன்னொன்று. 20 அடிக் கண்டெய்னரின் உள்நீளம் ஏறக்குறைய 5.9 மீட்டர். வேகன்ஆர் 3.65 மீட்டர். கண்டெய்னர் முழுக்க உங்களுக்கென்றால் இரண்டு மீட்டருக்கு மேல் சும்மா போகிறது. பீரோ, வாஷிங் மிஷின், பாத்திர மூட்டை எல்லாம் அதில் அடங்கும். நடுவில் மரச்சட்டம் அடித்துத் தடுப்பு வைக்கச் சொல்லுங்கள். காருக்குள் மட்டும் எதையும் திணிக்காதீர்கள், உடைந்தால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

நெல்லித்தோப்பு – 7.02
என் கருத்து வேறு. விற்றுவிட்டு அங்கே ஒன்று வாங்குங்கள். உப்புக்காற்றில் கீழ்த்தகடு துருப்பிடிக்கும், எதற்கு இந்தப் பாடு?

ஹேடோ பக்கம் – 7.10
கடலூரில் மட்டும் உப்புக்காற்று இல்லையா அண்ணே? இங்கே நல்ல நிலையில் பழைய கார் கிடைப்பது சிரமம், கிடைத்தாலும் விலை அதிகம். பெட்ரோல்தான் உங்கள் ஊரைவிட இங்கே குறைவு.

கடலூர் ஓ.டி. – 8.30
சென்னைக்கு ஏன் போக வேண்டும்? கடலூர்த் துறைமுகத்தில் மத்திய அரசின் சாகர்மாலா திட்டத்தில் கப்பல் நிற்கும் பெர்த் கட்டியிருக்கிறார்கள். இங்கிருந்தே அந்தமானுக்குக் கப்பல் விட்டால் சென்னைச் செலவு முழுக்க மிச்சம். இதை யாரும் கேட்பதில்லை.

முத்தியால்பேட்டை – 8.44
பெர்த் கட்டினால் கப்பல் வந்துவிடுமா? புதுச்சேரி 2017-லேயே சென்னைத் துறைமுகத்தோடு ஒப்பந்தம் போட்டது. முதலில் வர வேண்டியது எங்களுக்குத்தான்.

கடலூர் ஓ.டி. – 8.51
உங்கள் முகத்துவாரத்தில் மணல் அடைத்து மீன்பிடி விசைப்படகே தடுமாறுகிறது. அங்கே சரக்குக் கப்பலா?

முத்தியால்பேட்டை – 8.58
அந்த வலி எங்களுக்குத்தான் தெரியும் தம்பி. அலைத்தடுப்பு கட்டிய பிறகு கரை மணலே போய், கடற்கரைச் சாலையில் கல் கொட்டி வைத்திருக்கிறது. மணலை முறையாக வாரி வடக்கே போட்டிருந்தால் துறைமுகமும் நடந்திருக்கும், கரையும் இருந்திருக்கும்.

தேவனாம்பட்டினம் – 9.15
துறைமுகச் சண்டைக்குத் தனி இழை போடுங்கள். அந்த அம்மா இன்று பணம் கட்டவேண்டிய நிலையில் இருக்கிறார்.

அம்மா, நான் கேட்டதில் பாதிக்குப் பதில் வரவில்லை. பதிவு டிஎன் 31-ஆ? கடன் உண்டா? மாற்றலா?

மஞ்சக்குப்பம்31 – 11.40
பதிவு பிஒய் 01. அப்போது ரெட்டியார்பாளையத்தில் குடியிருந்தோம். கடன் போன வருடம் முடிந்தது. வீட்டுக்காரருக்கு மாற்றல், மத்திய அரசு வேலை, லெவல் 7. இது காருக்கு எதற்கு?

தேவனாம்பட்டினம் – 11.58
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு இரவு மிச்சமாகியிருக்கும். ஏழாவது ஊதியக்குழு விதிப்படி லெவல் 6-ம் அதற்கு மேலும் இருப்பவர்கள் மாற்றலில் ஒரு கார் கொண்டுபோகும் செலவைக் கோரலாம். லெவல் 5-ம் அதற்குக் கீழும் என்றால் இருசக்கர வாகனம்தான். வீட்டுச் சாமானுக்கு உரிமை தனி. அதோடு மாற்றல் மானியம் பொதுவாக அடிப்படைச் சம்பளத்தில் 80 சதவீதம், அந்தமானுக்கு 100. எவ்வளவு வரை தருவார்கள், என்ன ரசீது வேண்டும் என்று அலுவலகக் கணக்குப் பிரிவில் கேட்டுவிட்டுப் பணம் கட்டச் சொல்லுங்கள். காருக்கும் சாமானுக்கும் தனித்தனி வரி போட்ட பில் வேண்டும். மொத்தமாக ஒரே தொகை எழுதிய தாளைக் கொடுத்தால் இழுத்தடிப்பார்கள்.

கடன் அடைத்தது மட்டும் போதாது. வங்கிப் பெயர் ஆர்சி என்ற பதிவுச் சான்றிலிருந்து நீங்கியிருக்கிறதா பாருங்கள். நீங்காவிட்டால் படிவம் 35. பிறகு புதுச்சேரி ஆர்டிஓவில் படிவம் 28 கொடுத்து என்ஓசி என்ற தடையில்லாச் சான்று வாங்குங்கள். கடலூரில் போய் நிற்காதீர்கள், பதிவு அங்கே இல்லை. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் புதுப் பதிவு எண் வாங்கியாக வேண்டும். அந்தச் சாலை வரியும் உங்கள் செலவுக் கணக்கில்தான் சேரும்.

செம்மண்டலம் – மதியம் 1.25
இன்சூரன்ஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே. கார் பாலிசி இருக்கிறதே என்று நினைத்துவிடாதீர்கள் அக்கா. என் பாலிசித் தாளை இப்போதுதான் எடுத்து வரிவரியாகப் படித்தேன். வண்டியை ஏற்றிச் செல்லும்போது சேதமானால் எதற்கெல்லாம் தருவார்கள் என்று சாலை, ரயில், உள்நாட்டு நீர்வழி, லிஃப்ட், எலிவேட்டர், விமானம் என வரிசையாகப் போட்டிருக்கிறது. கடல் இல்லை. கடல் பயணத்துக்கு மரைன் டிரான்சிட் பாலிசி தனியாக, உங்கள் பெயரில் எடுங்கள். "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று ஏஜென்ட் சொன்னால் பாலிசி எண்ணைக் கேளுங்கள்.

ஹேடோ பக்கம் – 2.10
செம்மண்டலம் சொன்னது சத்தியம். என் கார் வந்தபோது முன் சக்கர ரிம்மில் கொக்கி உரசிய தடம் இருந்தது, அலுமினியம் வெள்ளையாகத் தெரிந்தது. கதவு ரப்பரில் உப்பு பூத்திருந்தது. பேட்டரி செத்துவிட்டது. ஏற்றுமுன் எடுத்த படம் கையில் இருந்ததால்தான் ரிம்முக்குப் பணம் கிடைத்தது. நான்கு பக்கம், கீழ்ப்பாகம், கிலோமீட்டர் மீட்டர் எல்லாம் படம் எடுங்கள். பெட்ரோல் கால் டாங்குக்கு மேல் வேண்டாம்.

நவம்பரும் யோசிக்க வேண்டிய மாதம். 2011 டிசம்பரில் வந்த தானே புயல் நினைவிருக்கும் உங்களுக்கு. புயல் சின்னம் என்றாலே கப்பல் தள்ளிப்போகும். சென்னையில் கண்டெய்னர் காத்திருந்தால் அந்த வாடகை யார் தலையில் என்று தாளில் எழுதி வாங்குங்கள். நீங்கள் வந்து இறங்கும் நாளில் காரும் வந்திருக்கும் என்று திட்டமிடாதீர்கள்.

கடலூர் ஓ.டி. – 2.32
புயல் வந்தால் ஒதுங்க உப்பனாறு இருக்கிறது. அதனால்தான் கடலூர் என்கிறேன்.

முத்தியால்பேட்டை – 2.40
தானேயில் அந்த உப்பனாற்றில் எத்தனை படகு உடைந்தது என்று உங்கள் ஊரிலேயே கேளுங்கள்.

மஞ்சக்குப்பம்31 – ஞாயிறு, இரவு 9.05
எல்லோருக்கும் நன்றி. 42,000 சொன்னவரிடம் எல்லா வரியையும் நிரப்பச் சொன்னேன். 63,500 ஆனது, அதுவும் இன்சூரன்ஸ் இல்லாமல். இன்னொருவர் 68,000-லேயே சாமானையும் சேர்த்து ஏற்றுவதாக எழுதிக் கொடுத்தார், அவரிடமே கட்டிவிட்டோம். மரைன் பாலிசி எங்கள் பெயரில் எடுத்தாயிற்று. ஆர்சியில் வங்கிப் பெயர் இன்னும் இருக்கிறது. நாளை காலை புதுச்சேரி போகிறேன்.

ஹேடோ பக்கம் – 9.20
சந்தோஷம் அக்கா. ஏற்றும் அன்று பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள். எந்தக் கப்பல் என்று சொன்னால் இங்கே ஹேடோ துறைமுகத்தில் நானே போய்ப் பார்க்கிறேன்.

ஹேடோ பக்கம் – நவம்பர் 24, காலை 7.00
அக்கா, வண்டி வந்ததா?