கொலாஜன் அறுகிறது, லாமினின் மட்டும் ஏன் கூடுகிறது?

முதுநிலை_பல்: வாய்ப் புற்றில் அடித்தளச் சவ்வு (மேற்பரப்புச் செல்களுக்கு அடியில் இருக்கும் மெல்லிய புரதப் படலம்) உடைவதுதான் ஊடுருவலின் தொடக்கம் என்று படித்து வைத்திருக்கிறேன். இந்த வாரம் நாக்குப் புற்று ஸ்லைடு ஒன்றில் அந்தச் சவ்வின் புரதமான கொலாஜன் 4-ஐப் பழுப்பாகக் காட்டும் ஸ்டெயின் போட்டால் புற்றுத் தீவுகளைச் சுற்றிப் பழுப்புக் கோடு அங்கங்கே அறுந்து கிடக்கிறது, சரி, எதிர்பார்த்ததுதான். ஆனால் சவ்வின் இன்னொரு புரதமான லாமினினின் காமா 2 சங்கிலிக்குப் போட்டுப் பார்த்தால், கட்டி உள்ளே நுழைகிற விளிம்பில் இரண்டு மூன்றாகப் பிரிந்து போகிற செல்களுக்குள்ளேயே அடர்பழுப்பாக நிற்கிறது. சவ்வில் இருக்க வேண்டிய புரதத்துக்குச் செல்லுக்குள் என்ன வேலை? ஸ்டெயின் சொதப்பலா?

நுண்ணோக்கி: பக்கத்தில் இயல்பான எபிதீலியம் (மேற்பரப்புச் செல் அடுக்கு) இருந்தால் அதன் அடியில் மெல்லிய கோடாக விழுந்திருக்கிறதா பாருங்கள் தம்பி. விழுந்திருந்தால் ஸ்டெயின் சரிதான். சவ்வை வெறும் சுவராக நினைப்பதால் வரும் குழப்பம் இது. ஆல்பா 3, பீட்டா 3, காமா 2 என்ற மூன்று சங்கிலிகளும் பின்னியதுதான் லாமினின் 332. செல்லின் மேலிருக்கும் ஆல்பா 6 பீட்டா 4 இன்டெக்ரின் என்ற புரதம் அதைப் பிடித்துக்கொண்டு செல்லை இடத்தில் இருத்தி வைக்கும். எம்எம்பி 2 போன்ற, புரதங்களை வெட்டும் நொதிகள் காமா 2 சங்கிலியை வெட்டிவிட்டால், அதே புரதம் செல்லை நகரத் தூண்டும். விளிம்புச் செல்கள் காமா 2-ஐ அளவுக்கு மீறித் தயாரிக்கின்றன, அந்தச் சரக்குதான் உள்ளே தேங்கி நிற்கிறது. காயம் ஆறும்போது ஓரத்துச் செல்களும் லாமினின் 332-ஐ விரித்துத்தான் நகரும், மூடியதும் நிறுத்திவிடும். புற்று நிறுத்தாது.

வெற்றிலைக்கொடி: அப்போ எம்எம்பியை அடைக்கிற மருந்து கொடுத்தால் போதாதா?

நுண்ணோக்கி: 1990களிலேயே மரிமஸ்டாட் என்று ஒன்றைப் பல புற்றுகளில் முயன்றார்கள். பலன் சொல்லும்படி இல்லை, மூட்டு வலிதான் மிச்சம்.

வெற்றிலைக்கொடி: அப்பாவுக்குப் புகையிலை அடக்கும் பக்கத்துக் கன்னத்தில் வெள்ளைத் திட்டு. பயாப்சியில் 'கடும் டிஸ்பிளேசியா (புற்றுக்கு முந்தைய செல் மாற்றம்), அடித்தளச் சவ்வு சிதையவில்லை' என்று எழுதியிருக்கிறார்கள். பயமில்லைதானே?

நுண்ணோக்கி: எடுத்த துண்டில் ஊடுருவல் இல்லை, அவ்வளவுதான். மீதித் திட்டில் என்ன இருக்கிறது என்று அந்தத் துண்டு சொல்லாது. தள்ளிப்போடாமல் அகற்றுவது பற்றி மருத்துவரிடம் பேசுங்கள், புகையிலையும் பாக்கும் இன்றே நிற்கட்டும்.

முதுநிலை_பல்: பார்த்துவிட்டேன் மேடம், இயல்பான பக்கம் கோடு சுத்தமாக இருக்கிறது. ஊடுருவல் ஆழத்தை எங்கிருந்து அளப்பது, கட்டியின் மேற்பரப்பிலிருந்தா?

நுண்ணோக்கி: இல்லை. அந்தச் சுத்தமான கோட்டின் மட்டத்திலிருந்து கீழே. 5 மி.மீ. தாண்டினால், கட்டி 2 செ.மீ.க்குள் இருந்தாலும் டி1 (கட்டி அளவின் முதல் நிலை) கிடையாது.