டிசம்பரில் ஐரோப்பாவில் ஒரு மாதம், கார் இல்லாமல்: எந்த ஊரில் வீடு எடுக்கலாம்?

செந்தூல்வாசி:

அனைவருக்கும் வணக்கம். இங்கே மலேசியாவில் வரும் ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் ஐரோப்பாவில் ஒரே ஊரில் ஒரு மாதம் வீடு எடுத்துத் தங்க எண்ணியிருக்கிறோம். நான், என் கணவர், பத்து வயது மகள், ஐந்து வயது மகன், அறுபத்தெட்டு வயது மாமியார் என ஐந்து பேர். பத்து நாளில் ஆறு நாடு காட்டும் சுற்றுலாவுக்கு ஒருமுறை போய் வந்தோம். அதில் என் மகளின் நினைவில் நிற்பது பேருந்துச் சன்னலும், கழிப்பறைக்குக் கட்டிய சில்லறையும்தான்.

கார் வேண்டாம் என்பது முடிவான விஷயம். என் கணவர் இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர். அங்கே வலப்பக்கம், அதுவும் குளிர்காலம், பின்னிருக்கையில் இரண்டு பிள்ளைகள் என்று நினைத்தாலே அவருக்கு வியர்த்துவிடுகிறது. மாமியாருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. இங்கே வீட்டிலிருந்து எல்ஆர்டி ரயில் நிலையம்வரை பத்து நிமிடம் நிற்காமல் நடந்துவிடுவார், ஆனால் படியேறுவது கடினம். அவர் சைவம் என்பதால் சமையலறை கட்டாயம் வேண்டும்.

ஜெர்மனியின் ஃப்ரைபுர்க், இத்தாலியின் பொலோன்யா, பெல்ஜியத்தின் கென்ட் ஆகிய மூன்றையும் மனத்தில் வைத்திருக்கிறேன். குடும்பத்தோடு நெடுநாள் தங்கியவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கிள்ளான்காரன்:

வணக்கம் சகோதரி. மேற்படிப்புக்காக இரண்டு ஆண்டுகள் ஃப்ரைபுர்க்கில் இருந்தவன் என்பதால் அந்த ஊரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பழைய நகரத்துக்குள் கார் கிடையாது. டிராம் ஊரின் நடுவிலேயே ஓடுகிறது, ரயில் நிலையத்துக்கு மேலே செல்லும் பாலத்தில் டிராமுக்கே ஒரு நிறுத்தம் உண்டு. தெருவோரமாகக் கணுக்கால் அளவு நீர் ஓடும் சிறு வாய்க்கால்கள் இருக்கின்றன. அதில் தவறிக் கால் வைத்தவர் அந்த ஊர்க்காரரைத்தான் மணப்பார் என்பது அங்குள்ள நம்பிக்கை. எனக்கு இரண்டு முறை கால் நனைந்தது, மணம் கிள்ளானில்தான் நடந்தது. ஊரை ஒட்டிய கருங்காடு என்னும் மலைக்காட்டுக்குள் இருக்கும் டிட்டிசே ஏரிக்கு ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம், சுவிட்சர்லாந்தின் பாசலும் ஒரு மணி நேரத்துக்குள்தான்.

ஜெர்மனி முழுவதும் உள்ளூர் ரயில், டிராம், பேருந்து அனைத்திலும் செல்லும் மாதச்சீட்டு ஒன்று உண்டு. 2023 மே மாதத்தில் 49 யூரோவுக்கு வந்தது, 2026 தொடக்கத்திலிருந்து 63 யூரோ. அதிவேக ரயில்களில் அது செல்லாது. சிக்கல் வேறொன்றில் இருக்கிறது: அது நாட்காட்டி மாதத்துக்கான சீட்டு. டிசம்பர் 8 முதல் ஜனவரி 6 வரை தங்கினால், தங்குவது ஒரு மாதமே ஆனாலும் இரண்டு மாதத்துக்குப் பணம் போகும். மேலும் அது சந்தா முறையில் இருப்பதால், நிறுத்த நினைக்கும் மாதத்தின் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதத்துக்கும் பிடித்துவிடுவார்கள். உங்கள் மகனுக்கு ஆறு வயது ஆகாததால் கட்டணமில்லை, மகளுக்குப் பெரியவர்களுக்கான அதே விலைதான்.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் கிடையாது. டிசம்பர் 24 பிற்பகலிலேயே அடைக்கத் தொடங்கி 25, 26 இரண்டு நாளும் மூடியிருப்பார்கள். அதை ஒட்டி ஞாயிறும் வந்துவிட்டால் மூன்று நாளுக்குக் காய்கறி வாங்கிவைக்க வேண்டியதுதான்.

பூச்சோங் நண்பன்:

லக்ஸம்பர்க்கை ஏன் யாரும் சொல்லவில்லை? 2020 முதல் நாடு முழுவதும் ரயில், டிராம், பேருந்து எல்லாம் இலவசம், முதல் வகுப்புக்கு மட்டுமே கட்டணம். ஐந்து பேருக்கு டிக்கெட் எடுக்கும் தொல்லையே இருக்காது.

தஞ்சோங் பூங்கா தாத்தா:

அம்மா செந்தூல்வாசி, நானும் என் மனைவியும் பேரப்பிள்ளைகளோடு இரண்டு முறை இப்படித் தங்கியிருக்கிறோம், இரண்டும் டிசம்பரில். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

லக்ஸம்பர்க்கில் டிக்கெட் இலவசம் என்பது உண்மைதான், ஆனால் அங்கே வீட்டு வாடகை மிக அதிகம். ஒரு மாதத்தில் ரயிலில் மிச்சமாகும் பணத்தை வீட்டுக்காரர் ஒரு வாரத்திலேயே வாங்கிவிடுவார்.

நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது வெளிச்சம். நமக்கு ஆண்டு முழுவதும் ஏழு மணிக்குப் பொழுது விடிந்து ஏழு மணியளவில் அடைகிறது, அதனால் இப்படி ஒரு கேள்வியே நமக்குத் தோன்றுவதில்லை. டிசம்பர் கடைசியில் ஃப்ரைபுர்க்கில் காலை எட்டேகாலுக்குச் சூரியன் எழும், மாலை நாலரை தாண்டியதும் மறைந்துவிடும். முதல் வாரம் கிறிஸ்துமஸ் சந்தையின் விளக்குகளைப் பார்த்துப் பிள்ளைகள் மகிழ்வார்கள். மூன்றாவது வாரம், மதிய உணவு முடித்துப் பாத்திரம் கழுவி, ஐந்து பேருக்கும் சட்டைமேல் சட்டை போட்டு, மேலங்கியின் பொத்தான் பூட்டி வாசலுக்கு வரும்போது வெளியே இருட்டத் தொடங்கியிருக்கும். அப்போது மாமியார், “நீங்கள் போய்வாருங்கள், நான் வீட்டில் இருக்கிறேன்” என்பார். கென்ட்டிலும் இதே நிலைதான், அதோடு மழையும் உருளைக்கல் பாவிய தெருவும் சேரும்.

பொலோன்யா எனக்கு மிகவும் பிடித்த ஊர். கடைகளுக்கு முன்னால் கூரையுள்ள நடைவழியைப் பினாங்கின் ஜார்ஜ்டவுனில் நாம் ஐந்தடி என்கிறோம் அல்லவா, அதைப் பெரிதாக்கி ஊர் முழுவதும் இழுத்துவிட்டால் எப்படியிருக்குமோ அப்படி 62 கிலோமீட்டர் நீளத்துக்கு வளைவுத் தாழ்வாரங்கள் இருக்கின்றன. 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்துவிட்டன. நம் ஐந்தடியைப் போல மோட்டார் சைக்கிளும் மீகூன் நூடுல்ஸ் விற்கும் வண்டியும் வழியை மறிப்பதில்லை. ஃப்ளாரன்ஸ், பார்மா, ராவென்னா எல்லாம் காலையில் போய் மாலையில் திரும்பும் தூரம்தான். ஆனால் டிசம்பரில் அந்தச் சமவெளியில் பனிமூட்டம் நாள்கணக்கில் விலகாது. அதை ஏப்ரலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

என் பரிந்துரை, உங்கள் பட்டியலில் இல்லாத ஸ்பெயினின் வலென்சியா. டிசம்பரில் பகலில் 16, 17 டிகிரி இருக்கும், மாலை ஐந்தரை தாண்டியும் வெளிச்சம் உண்டு. ஊர் தட்டையானது. விமான நிலையத்திலிருந்து மெட்ரோ நேராக நடுவூருக்கு வருகிறது. இங்கிருந்து போக இஸ்தான்புல்லில் ஒரு முறை விமானம் மாறினால் போதும்.

அந்த ஊரில் துரியா என்றொரு ஆறு ஓடியது. 1957இல் பெருவெள்ளம் வந்து ஊரை மூழ்கடித்த பிறகு, ஆற்றையே ஊருக்குத் தெற்கே திருப்பிவிட்டார்கள். வறண்ட ஆற்றுப்படுகையில் விரைவுச்சாலை போடுவதாக இருந்தது. ஊர் மக்கள் எதிர்த்து நின்றதால் அது தோட்டமாயிற்று. இன்று சுமார் ஒன்பது கிலோமீட்டர் நீளத்துக்கு, சாலைப் பாலங்களுக்குக் கீழே, ஒரு சமிக்ஞை விளக்கும் குறுக்கிடாமல் நடக்கலாம். மாமியாருக்கு வழிநெடுக இருக்கைகள் உண்டு. அங்கே தரையில் படுத்திருக்கும், குட்டி மனிதர்கள் கதையில் வரும் கல்லிவரின் மாபெரும் உருவத்தில் பிள்ளைகள் ஏறிச் சறுக்கலாம், அதற்குக் கட்டணமில்லை. என் பேரனை எழுபது யூரோ கொடுத்து எங்கெங்கோ அழைத்துப்போனோம், அவன் கேட்டதெல்லாம் “மறுபடி கல்லிவரிடம் போகலாமா தாத்தா” என்பதுதான்.

உணவகங்களில் மதிய உணவு இரண்டு மணிக்கு, இரவு உணவு ஒன்பது மணிக்கு. மருந்து சாப்பிடும் பெரியவர்களுக்கு அது ஒத்துவராது, வீட்டுச் சமையல்தான் சரி. 1928இல் திறந்த மத்தியச் சந்தையில் காய்கறிக்குக் குறைவில்லை, ஆனால் பிற்பகல் மூன்று மணிக்கு மூடிவிடுவார்கள், ஞாயிறு விடுமுறை. அரிசிக்கும் பஞ்சமில்லை, ஊருக்குத் தெற்கே அல்புஃபேரா ஏரியைச் சுற்றி நெல்தான் விளைகிறது. குளிர்காலத்தில் அந்த வயல்களில் நீர் நிறைத்திருப்பார்கள். பேருந்தில் போய் இறங்கியதும் என் மனைவி, “இவ்வளவு தூரம் பறந்து வந்து நெல் விளையும் நம் கெடாவில் இறங்கியிருக்கிறோம்” என்றார்.

செந்தூல்வாசி:

ஐயா, வெளிச்சத்தைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. மிக்க நன்றி. கிள்ளான் சகோதரர் சொன்ன நாட்காட்டிக் கணக்கையும் குறித்துக்கொண்டேன், ஃப்ரைபுர்க்கை வேறொரு கோடைக்கு ஒத்திவைக்கலாம் என்று கணவர் சொல்கிறார். வலென்சியாவில் மின்தூக்கியுடன், முதல் மாடியில் என்று இரண்டு வீடுகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

பட்டர்வொர்த் தாதி:

முதல் மாடி என்ற சொல்லை நம்பாதீர்கள். ஸ்பெயினின் பழைய கட்டடங்களில் தரைத்தளத்துக்கும் முதல் மாடிக்கும் இடையில் வேறு பெயர்களில் ஒன்றிரண்டு தளங்கள் இருக்கலாம், ஆகவே அது நம் கணக்கில் இரண்டாவது, மூன்றாவது மாடியாக அமைந்துவிடும். மின்தூக்கி இருந்தாலும், பின்னாளில் பொருத்தியது என்பதால் தெருவாசலிலிருந்து அதன் கதவுக்குச் சில படிகள் ஏற வேண்டியிருக்கும். விளம்பரப் படத்தில் அவை தெரியாது. “தெருவிலிருந்து படுக்கையறைவரை மொத்தம் எத்தனை படி?” என்று எழுதிக் கேளுங்கள், படமும் கேளுங்கள். குளியலறையில் தொட்டிக்குள் நின்று குளிக்கும் அமைப்பா, தரைமட்டத்தில் குளிக்கும் இடமா என்பதையும் கேட்டுவிடுங்கள். முழங்கால் சிகிச்சை முடிந்தவர்கள் தொட்டியின் விளிம்பைத் தாண்டும்போதுதான் தடுமாறுவார்கள்.

இன்னொன்று, வலென்சியாவில் வெளியே இதமாக இருந்தாலும் வீட்டுக்குள் குளிரும். தரை ஓடு, சுவரெல்லாம் கோடைக்காகக் கட்டியவை. ஒவ்வோர் அறையிலும் சூடேற்றும் வசதி உண்டா என்று பாருங்கள், அனைவருக்கும் தடித்த காலுறை எடுத்துச் செல்லுங்கள். நம் மின்னழுத்தமும் அவர்களுடையதும் ஏறக்குறைய ஒன்று என்பதால் சோறு வடிக்கும் குக்கர் அங்கே வேலை செய்யும், மூன்று கால் பிளக்கை இரண்டு உருண்டைக் காலுக்கு மாற்றும் இணைப்பி மட்டும் போதும்.

செந்தூல்வாசி:

நேற்றிரவு இரண்டு வீட்டுக்காரர்களுக்கும் படிக் கணக்கு கேட்டு எழுதினேன். ஒருவர் இன்னும் பதில் போடவில்லை. மற்றவர் தெருவாசலில் நின்று படமெடுத்து அனுப்பியிருக்கிறார்: மின்தூக்கிக்கு முன் ஏழு படி, ஒரு பக்கம் கைப்பிடி. மாமியார் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, கைப்பிடி வலக்கைப் பக்கம்தானே, ஏறிவிடலாம் என்றார்.