குவிந்த பிஸ்டன் போட்டும் இழுவை குறைந்தது ஏன்?

ஈசூன் ஓட்டி:
வணக்கம். பந்தயத் தடத்துக்கென்றே வைத்திருக்கும் என் 150 சிசி பைக்கில், அழுத்த விகிதத்தை (பெட்ரோல்-காற்றுக் கலவை எத்தனை மடங்கு சுருங்குகிறது என்பதை) ஏற்றுவதற்காக, தலை நன்கு குவிந்த பிஸ்டனை இங்குள்ள ஒரு பட்டறையில் மாற்றினேன். வால்வில் இடிக்காமலிருக்க சிலிண்டருக்கு அடியில் தடித்த கேஸ்கெட் (இடைத்தகடு) வைத்தார்கள். 98 ஆக்டேன் பெட்ரோல் ஊற்றியும் நேர்சாலையில் ‘கிணிகிணி’ என்று தட்டுகிறது; இக்னிஷனைத் தாமதப்படுத்தினால் இழுவை முன்பைவிடக் குறைகிறது. அழுத்தம் கூடினால் சக்தியும் கூட வேண்டாமா?

பழைய கிரீஸ்:
கூடும், தம்பி, சுடருக்கு வழி இருந்தால். பிளக்கில் பிறக்கும் சுடர் பிஸ்டன் தலையின் நடுவே நிற்கும் மேட்டைச் சுற்றிக்கொண்டு மறுபுறம் போய்ச் சேருவதற்குள், ஓரத்தில் எரியாமல் கிடக்கும் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாகவே பற்றிக்கொள்கிறது. நீங்கள் கேட்கும் சத்தம் அதுதான். மேட்டினால் பரப்பும் பெருகுவதால் வெப்பம் உலோகத்துக்குள் வீணாக இறங்குகிறது. இரண்டு வால்வுகளை அகலக் கோணத்தில் வைத்த அரைக்கோள எரிப்பு அறைகளுக்கு இந்த மேடு தவிர்க்க முடியாத தலைவலியாக இருந்தது. கீத் டக்வொர்த் வடிவமைத்து, 1967இல் நெதர்லாந்தின் ஸான்ட்வோர்ட்டில் ஓட்டுநர் ஜிம் கிளார்க்குக்கு முதல் பந்தயத்திலேயே வெற்றி தந்த காஸ்வொர்த் டி.எஃப்.வி. என்ற ஃபார்முலா 1 கார் இஞ்சினில், சிலிண்டருக்கு 4 வால்வுகள் 32 டிகிரி கோணத்துக்குள் நின்றன; அறை ஆழமில்லாமல் அமைந்ததால், ஏறக்குறைய தட்டையான பிஸ்டனே 11:1 விகிதத்துக்குப் போதுமானதாயிற்று.

உட்லண்ட்ஸ்:
மேட்டைவிட அந்தக் கேஸ்கெட்டின் மீதுதான் எனக்குச் சந்தேகம். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதன் விளிம்பும் ஹெட்டும் (சிலிண்டரின் மேல்மூடி) நெருங்கி, ஓரத்துக் கலவையை நடுவுக்குத் தள்ளிவிட வேண்டும். இடைவெளி அகன்றால் கலவை அங்கேயே தங்கித் தட்டும். போதாக்குறைக்கு, மேடு ஏற்றிய அழுத்தத்தில் ஒரு பங்கை கேஸ்கெட் திரும்ப வாங்கிக்கொள்கிறது. பிஸ்டனைத் தாங்கும் குறுக்குப் பின்னுக்கு (pin) நேர்மேலே, இரு விளிம்பிலும் ஈயக்கம்பித் துண்டு வைத்து, ஹெட்டை முறுக்கி, கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, நசுங்கிய தடிப்பை அளந்து சொல்லுங்கள்.

ஈசூன் ஓட்டி:
அளந்தேன், அண்ணா. ஒரு பக்கம் 1.9 மி.மீ., மறுபக்கம் 1.85.

உட்லண்ட்ஸ்:
இந்த அளவு இஞ்சினுக்கு ஏறத்தாழ 1 மி.மீ. போதும். மேட்டை அரமெடுத்து ராவ வேண்டாம், பிஸ்டன் தலை மெலிந்துவிடும். வால்வுப் பள்ளம் ஆழமாக உள்ள தட்டைப் பிஸ்டனையும் பழைய கேஸ்கெட்டையும் போட்டு, களிமண் வைத்து வால்வு இடைவெளியைப் பாருங்கள், இன்டேக்கில் 1.5, எக்ஸாஸ்டில் 2 மி.மீ.க்குக் குறைந்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.