பாரிஸ் டிவிடி பாண்டியில் ஓடலை: ரீஜன் கோடு நியாயமா?

வைத்திக்குப்பம்:
போன வாரம் பாரிஸிலிருந்து அத்தை வந்தாங்க. பையில ஆறு டிவிடி. அஞ்சு, அம்மாவுக்காகக் கடையில வாங்கின பிரெஞ்சுப் படம். ஆறாவது எங்க பாட்டியோட எண்பதாவது பிறந்தநாள்; 2006-ல அத்தை வீட்டு ரெக்கார்டர்ல பதிஞ்சது. பாட்டி இப்ப இல்லை. எங்க பிளேயர்ல ஆறுமே ஓடலை. ரீஜன் கோடுன்னு டிவிடி தட்டுலயும் பிளேயர்லயும் நாட்டுக்குத் தகுந்த மாதிரி ஒரு எண் வெச்சிருக்காங்களாம்; ரெண்டும் பொருந்தலைன்னா ஓடாதாம். காசு கொடுத்து வாங்கினதை எந்த நாட்டுல போட்டுப் பார்க்கணும்னு கம்பெனிக்காரன் எப்படிச் சொல்லலாம்? இது அநியாயம்.

கெடிலக்கரை:
தம்பி, நான் கடலூர்ல பட விநியோகத்துல இருந்தவன். நம்ம ஊர்லயே வட ஆற்காடு தென் ஆற்காடு ஒரு ஏரியா, திருச்சி தஞ்சாவூர் ஒரு ஏரியான்னுதான் படத்தை விற்பாங்க. ஒருத்தன் ஏரியாவுக்குள்ள இன்னொருத்தன் பெட்டி வந்தா சண்டைதான். ரீஜன் கோடும் அதேதான். அப்பல்லாம் அமெரிக்காவுல ஓடி முடிஞ்ச படம் இங்க தியேட்டருக்கு வர மாசக்கணக்காகும். அதுக்குள்ள தட்டு வந்துட்டா டிக்கெட் எவன் வாங்குவான்? அதனாலதான் அமெரிக்கா 1, ஐரோப்பாவும் ஜப்பானும் 2, சிங்கப்பூர் மலேசியா 3, ஆஸ்திரேலியா 4, நாம 5, சீனா 6-ன்னு பிரிச்சாங்க. கடன் வாங்கிப் படம் எடுத்தவன் வயிற்றையும் பாருங்க.

வைத்திக்குப்பம்:
அண்ணே, தியேட்டர்ல ஓடுற வரைக்கும் சரி. உங்க ஏரியா ஒப்பந்தத்துக்கு வருஷக் கணக்கு உண்டு; முடிஞ்சா உரிமை திரும்பிடும். இந்தப் பூட்டுக்கு ஏது கெடு? இருபது வருஷத்துக்கு முந்தின படம், இந்தியாவுல தட்டே வரலை, ஆனாலும் ஓடாது. இத்தனைக்கும் பாரிஸ் லா ஷப்பேல் கடைகள்ல நம்ம தமிழ்ப் பட டிவிடி பெரும்பாலும் எல்லா ரீஜனுக்கும்னுதான் போட்டு வித்தாங்க. அதனால எந்தத் தயாரிப்பாளர் நடுத்தெருவுக்கு வந்தார்?

கெடிலக்கரை:
அது வெளிநாட்டு உரிமை வாங்கினவங்க விருப்பப்பட்டுத் திறந்து விட்டது. திறக்காததை நீங்களா திறந்தா குற்றம். 2012-ல காப்புரிமைச் சட்டத்தையே திருத்தியிருக்காங்க.

லாஸ்பேட்டை சர்வீஸ்:
ரெண்டு பேரும் ஒரு நிமிஷம். சட்டத்துல அது 65ஏ பிரிவு, ரெண்டு வருஷம் வரை சிறை. ஆனா 'உரிமையை மீறும் நோக்கத்தோடு' பூட்டை உடைக்கிறவனுக்குன்னு அதுல தெளிவா இருக்கு. காசு கொடுத்து வாங்கின தட்டை அம்மா வீட்டுல உட்கார்ந்து பார்க்கிறதுல என்ன உரிமை மீறல்?

நிறைய பிளேயர்ல ரிமோட்லயே வழி இருக்கு. தட்டு வைக்கிற தட்டத்தைத் திறந்து வெச்சு, அந்த மாடலுக்கான எண்ணை அடிச்சா ஒளிஞ்சிருக்கிற மெனு வரும். 5-ஐ 0 ஆக்கினா போதும், எல்லா ரீஜனும் ஓடும். 2000-க்குப் பிறகு வந்த சில அமெரிக்கத் தட்டுகள் 0-வையும் கண்டுபிடிச்சு மறுக்கும். அதுக்கு 1 வைக்கணும். கம்ப்யூட்டர் டிரைவ்ல விளையாடாதீங்க. அஞ்சு தடவைதான் மாத்த முடியும், அஞ்சாவது அப்படியே நிலைச்சிடும்.

பிரெஞ்சுத் தட்டு நம்மள மாதிரியே பால் (PAL) என்கிற டிவி முறை, விநாடிக்கு 25 படம். ரீஜனைத் திறந்தாலே போதும். அமெரிக்கத் தட்டு என்டிஎஸ்சி (NTSC) என்கிற வேற டிவி முறை, அது தனிச் சிக்கல். பழைய டிவியில படம் உருளும், நிறம் போகும். அதை ரீஜன் கோளாறுன்னு நினைச்சு எத்தனையோ பேர் என் கடைக்கு வந்திருக்காங்க.

இப்ப ஆறாவதுக்கு வர்றேன். வீட்டு ரெக்கார்டர்ல பதிஞ்ச தட்டுக்கு ரீஜன் கோடே கிடையாது. திரையில என்ன வந்துச்சு?

வைத்திக்குப்பம்:
அஞ்சுக்கும் 'ரீஜன் தவறு'. பாட்டி தட்டுக்கு மட்டும் 'டிஸ்க் இல்லை'.

லாஸ்பேட்டை சர்வீஸ்:
நினைச்சேன். ஃபைனலைஸ் பண்ணலை. பதிஞ்சு முடிச்சதும் அந்த ரெக்கார்டர்லயே கடைசியா அதைச் செய்யணும். செய்யலைன்னா மத்த பிளேயருக்குத் தட்டுல எங்க என்ன இருக்குன்னு தெரியாது. டியூப்லைட்டுக்குக் கீழே தட்டைச் சாய்ச்சுப் பாருங்க. உள் வளையத்திலிருந்து பதிஞ்ச இடம் வரைக்கும் ஊதா நிறம் கொஞ்சம் மாறியிருக்கும்.

வைத்திக்குப்பம்:
பார்த்தேன் சார். பாதிக்கு மேல நிறம் மாறியிருக்கு. பாட்டி உள்ளதான் இருக்காங்க.

கெடிலக்கரை:
தம்பி, மத்த அஞ்சு விஷயத்துல என் பேச்சுல மாற்றமில்லை. பாட்டி தட்டை முதல்ல காப்பாத்துங்க. அந்த ரெக்கார்டர் இருக்கான்னு அத்தையைக் கேளுங்க.

வைசியாள் வீதி:
ரெக்கார்டரையே இங்க கொண்டு வந்துடலாமே? கரன்ட் ஒண்ணுதானே, 230 வோல்ட்?

லாஸ்பேட்டை சர்வீஸ்:
கரன்ட் சரி. ஆனா பிரான்ஸ் பெட்டிகள்ல பெரும்பாலும் பின்னாடி டிவியோட இணைக்க 21 முள் ஸ்கார்ட் சாக்கெட். நம்ம டிவியில மஞ்சள், சிவப்பு, வெள்ளை. நடுவுல ஒரு அடாப்டர் வேணும். அதைவிடத் தட்டை அங்க அனுப்புறது சுலபம். இங்க வேற ரெக்கார்டர்ல போட்டு 'ஃபார்மட் செய்யவா'ன்னு கேட்டா ஆமாம்னு மட்டும் அழுத்திடாதீங்க. மொத்தமும் போயிடும்.

வைத்திக்குப்பம்:
அத்தைகிட்ட கேட்டுட்டேன். ரெக்கார்டரைத் தூக்கிப் போடலையாம், பாரிஸ் வீட்டுல பெட்டியில கட்டி வெச்சிருக்காங்க. தட்டை கூரியர்ல அனுப்ப மனசு வரலை. வர்ற வெள்ளிக்கிழமை அத்தை கிளம்புறாங்க. கைப்பையிலேயே எடுத்துட்டுப் போறாங்க.