திரும்பிவரும் கலமும் மறுபடி புறப்படும் கலமும்

அருள்: அத்தை, திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் விண்கலம் என்றால் செலவு குறையும் என்கிறார்கள். அமெரிக்காவின் விண்வெளி ஓடம் 1981-லேயே பறந்து திரும்பி மறுபடியும் பறந்ததே, அப்போது ஏன் குறையவில்லை?

மீனா அத்தை: ஓடம் திரும்பியது, ஆனால் அதை மறுபடி ஆயத்தப்படுத்தும் வேலையே பணத்தையும் நாட்களையும் விழுங்கிவிட்டது. உடலில் ஒட்டியிருந்த 20,000-க்கும் மேற்பட்ட வெப்பத்தடுப்பு ஓடுகளைப் பரிசோதிக்க வேண்டியிருந்தது, எஞ்சின்களைக் கழற்றிப் பார்த்தார்கள், பெரிய எரிபொருள் தொட்டியோ ஒவ்வொரு முறையும் அழிந்துபோனது. இரண்டு வாரத்துக்கொரு முறை பறக்கும் என்று கனவு கண்ட கலங்கள், மிக அதிகமாகப் பறந்த 1985-இல்கூட மொத்தம் 9 முறைதான் புறப்பட்டன.

பெரியப்பா: மீனா, உயிரிழப்பையும் சொல். 1986-இல் சேலஞ்சர் ஓடத்திலும் 2003-இல் கொலம்பியா ஓடத்திலும் 14 பேரை இழந்தோம். ஏற்கெனவே பறந்த கலத்தில் மனிதரை ஏற்றுவது எனக்கு இன்னும் அச்சமாகவே இருக்கிறது.

மீனா அத்தை: அந்த அச்சம் நியாயமானது, அண்ணா. ஆனால் சேலஞ்சரில் ஓடத்தை மேலே தள்ளும் பூஸ்டர் ராக்கெட்டின் இணைப்பில் குளிரால் இறுகிப்போன ரப்பர் வளையமும், கொலம்பியாவில் புதிய தொட்டியிலிருந்து பெயர்ந்து இறக்கையில் மோதிய நுரைத்துண்டும்தான் காரணம். கலம் பழையதானதால் நேர்ந்தவை அல்ல. ஓடத்தில் ஏவும்போது தப்பிக்க வழியில்லாததே பெருங்குறை. ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் டிராகன் கலமோ ராக்கெட்டின் உச்சியில் அமர்ந்து, ஆபத்தென்றால் தன் எஞ்சின்களால் விலகிவிடும். 2020-இல் பறந்த அதே கலம், முன்பே பறந்த பூஸ்டரின் மேல், 2021 ஏப்ரலில் 4 பேரைப் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குக் கொண்டுசென்றது.

அருள்: அப்படியென்றால் நிலவுக்கும் அதே வழி போதுமா?

மீனா அத்தை: போதாது. நிலவில் மனிதரை இறக்கத் திட்டமிட்டிருக்கும் ஸ்டார்ஷிப் என்ற ஸ்பேஸ்எக்ஸின் பெரிய கலம், புவியின் சுற்றுப்பாதையை அடைவதற்குள் தன் எரிபொருளில் பெரும்பகுதியைச் செலவழித்துவிடும். அதன் பிறகு எரிபொருள் சுமக்கும் டேங்கர் கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே சென்று, கடுங்குளிரில் வைத்திருக்க வேண்டிய திரவ மீத்தேனையும் ஆக்சிஜனையும் நிரப்ப வேண்டும். ஒவ்வொரு டேங்கரையும் எறிந்துவிட்டால் இந்தத் திட்டமே நிற்காது. ஆகவேதான் 2024 அக்டோபர் 13 அன்று ஸ்டார்ஷிப்பை மேலே தள்ளிவிட்டுத் திரும்பிவந்த பூஸ்டரை ஏவுகோபுரத்தின் கரங்கள் பிடித்தது எனக்கு அவ்வளவு முக்கியமாகப் பட்டது.

பெரியப்பா: செவ்வாய்க்கு?

மீனா அத்தை: அங்கே ஓடுகளைச் சரிபார்க்கும் பட்டறையோ, எஞ்சினைக் கழற்றும் ஆட்களோ இருக்கமாட்டார்கள், அண்ணா. அங்குள்ள கரியமில வாயுவிலிருந்தும் பனிக்கட்டியிலிருந்தும் மீத்தேனும் ஆக்சிஜனும் தயாரிக்கலாம் என்பது திட்டம். அதை நிரப்பிக்கொண்டு, இறங்கிய கலமே, உள்ளே இருப்பவர்கள் செய்யக்கூடிய பழுதுபார்ப்போடு மட்டும் மறுபடி எழும்ப வேண்டும். இல்லையென்றால் போனவர்கள் திரும்ப முடியாது.